சின்ன பனியன் யூனிட் நடத்துகிறவர்கள் ஆள் விஷயத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) ஆரம்பித்து எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எட்டு வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அதனால் புதிதாக யூனிட் போடும் தம்பிகள் சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள். மிஷின் எங்கே வாங்கலாம் என்பது ஒரு போனில் முடிந்துவிடும். ஆட்களைப் பற்றிய பேச்சுதான் டீக்கடை வரை நீளும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பத்து முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் இடத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். எச்.ஆர். என்று தனியாக ஆள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இதில் பாதி ஒத்துவராது.

பக்கத்து யூனிட்டைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஆள் நிற்க மாட்டார்களா?

வருவார்கள். நிற்பது வேறு விஷயம்.

இந்த ஊரில் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். காலையில் உங்களிடம் நின்றவர் மதியம் அடுத்த தெருவில் மிஷினில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் கூட்டிக் கொடுத்ததை அவரும் கூட்டிக் கொடுப்பார்.

என்னிடமிருந்து போன மூன்று நல்ல டெய்லர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவரை, அதே லைனில் வேலை செய்த அவர் மனைவியின் முன்னால் வைத்து சூப்பர்வைசர் திட்டியிருக்கிறார். இன்னொருவருக்கு அடுத்தடுத்து இரண்டு வாரம் சம்பளம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. மூன்றாமவர் ஒரு பெண், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் நின்றுவிட்டார். ஒருவர்கூட இதை என்னிடம் சொல்லவில்லை. மூன்று பேரும் 'ஊருக்குப் போறேன்ணா' என்றுதான் சொன்னார்கள். நம் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்கே நாலைந்து வருடம் பிடித்தது. கூட்டிக் கொடுத்த சம்பளமெல்லாம் ஒரு தாழ்ப்பாளிடம் தோற்றுப்போனது.

ஆட்களுக்கு ஊக்கம் கொடுப்பது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நாள் வேலைக்கு வருகிறவர் ஊக்கத்தோடுதான் வருகிறார். அதை நாம் எங்கே கெடுக்கிறோம் என்று தேடினால் பாதி வேலை முடிந்தது. இதற்காகச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு அன்பால் ஆளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இங்கே கூலி, முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகிற விஷயம். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பேசிய கூலிக்குக் கீழே கொடுப்பவர் இதற்கு மேல் படித்துப் பிரயோஜனம் இல்லை.

வேலை கொடுத்த பார்ட்டியிடமிருந்து பில் பணம் வரவில்லை. சனிக்கிழமை சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளலாமா?

கூடாது. சனிக்கிழமை ராத்திரிதான் மளிகைக் கடைக்காரருக்கும் வீட்டு ஓனருக்கும் பணம் போகும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதும் அதில்தான். நாம் ஒரு நாள் தள்ளினால் அவர் நாலு பேரிடம் தலைகுனிய வேண்டும்.

இரண்டு வாரச் சம்பளம் தனியாக ஒரு கணக்கில் இருக்க வேண்டும். ஒரே நாளில் அது சேராது. நான் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து ஒன்றே கால் வருடத்தில் சேர்த்தேன். அதற்குள் மனைவியின் சங்கிலி இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது. அந்தக் கணக்கில் கை வைத்து மிஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மிஷின் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை.

உண்மையிலேயே முடியவில்லை என்றால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் சொல்லாதீர்கள். பாதியையாவது கொடுங்கள். கைமடி (டெய்லருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுப்பவர்), ஹெல்பர் என்று குறைந்த சம்பளக்காரர்களுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் பேசுங்கள். மீதி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லி, அந்த நேரத்துக்குக் கொடுங்கள்.

பீஸ் ரேட் நல்லதா, ஷிஃப்ட் சம்பளம் நல்லதா?

பீஸ் ரேட் என்றால் தைத்த எண்ணிக்கைக்குக் கூலி, ஷிஃப்ட் என்றால் வேலை நேரத்துக்குக் கூலி. பெரும்பாலானவர்கள் இதைக் கணக்குக் கேள்வியாகப் பார்க்கிறார்கள். பீஸ் ரேட் என்றால் வேகமாகத் தைப்பார்கள், கண்காணிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். பாதி உண்மைதான்.

ஒரு கணக்குக்குப் பார்ப்போம். ஒரு டெய்லர் எட்டு மணி நேரத்தில் 800 ரூபாய்க்கு வேலை செய்வார் என்று வையுங்கள். கட்டிங் (தைக்க வேண்டிய வெட்டிய துணி) வந்து சேரவில்லை, ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். 200 ரூபாய் போச்சு. நூல் கோன் கலர் தப்பாக வந்தது, கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, இதெல்லாம் யார் தவறு? நம் தவறு. அதற்குப் பணம் கட்டுகிறவர் மட்டும் அவர். பீஸ் ரேட்டில் நம் கவனக்குறைவு நமக்கு வலிக்கவே வலிக்காது. அதில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

அதனால் என் யூனிட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். என் பக்கத்துக் காரணத்தால் அரை மணிக்கு மேல் மிஷின் நின்றால், அந்த நேரத்துக்கு ஷிஃப்ட் கணக்கில் சம்பளம். முதல் மாதம் அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தபோது தலை சுற்றியது. அடுத்த மாதத்திலிருந்து கட்டிங் முந்தின நாள் ராத்திரியே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது விஷயம், ரேட்டை ஒவ்வொரு ஸ்டைலும் (டிசைனும்) ஆரம்பிப்பதற்கு முன்பே பேசி போர்டில் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு உடைக்கக் கூடாது. புது ஸ்டைலில் கை பழகி ஒரு பையன் நாம் நினைத்ததைவிட 300 ரூபாய் கூடச் சம்பாதிக்கிறான் என்று வையுங்கள். உடனே நமக்கு வயிறு எரியும். 'ரேட் கூடப் போட்டுட்டோம் போல' என்று அடுத்த வாரம் பத்து பைசா குறைப்போம். அதோடு முடிந்தது. அந்தப் பையன் மட்டுமில்லை, லைனே பாடம் படித்துவிடும்: வேகமாகத் தைத்தால் ரேட் குறையும். அதற்கப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் அவர்களுடைய முழு வேகத்தை நீங்கள் பார்க்கவே முடியாது. தப்பாகக் கூட்டிப் போட்டிருந்தால் அந்த ஆர்டர் முடியும்வரை நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டைலுக்கு, போடும்போதே சரியாகப் போடுங்கள்.

செக்கிங்குக்கு மட்டும் பீஸ் ரேட் வேண்டாம். வேகமாகப் பார்க்கச் சொல்லிக் காசு கொடுத்தால், பார்க்காமலே பார்ப்பார்கள்.

அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுத்தால் ஆள் நிற்பாரே?

கடனுக்காக நிற்கிற ஆள் கையைத்தான் கொண்டுவருவார், மனதைக் கொண்டுவர மாட்டார். அதைவிட முக்கியமாக, கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆதார் ஒரிஜினலை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்வதும் அதே புத்திதான். இந்தப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று 'சுமங்கலித் திட்டம்' போட்டு, அது எப்படி ஊர் பேரையே கெடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட பீஸ் என்றால் நான் கொடுக்கிறேன். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பதில்லை. வாரம் எவ்வளவு பிடிப்பேன் என்பதை அவரே சொல்ல வேண்டும், இருவரும் நோட்டில் கையெழுத்துப் போடுவோம். இடையில் போனவர்களும் உண்டு. பத்தொன்பது வருடத்தில் அப்படிப் போன பணத்தைக் கூட்டினால் ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் விலைகூட வராது.

திட்டாமல் வேலை வாங்க முடியுமா?

நானும் திட்டியவன்தான். ஒரு தடவை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நானூறு பீஸ், எல் சைஸில் எம் லேபிள் ஏறிவிட்டது. மறுநாள் காலை வண்டி. லேபிள் வைத்த அக்காவை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலை நிமிராமல் லேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு பண்டல் சீட்டை எடுத்துப் பார்த்தால், சீட்டிலேயே எம் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

அடுத்த நாள் டீ டைமில், திட்டிய அதே இடத்தில் எல்லோர் முன்னாலும் 'தப்பு என்னுதுங்க்கா' என்றேன். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ரகசியமாகச் சொல்லியிருந்தால் அது மன்னிப்பே இல்லை. திட்டியது பொதுவில், வருத்தம் தனியில் என்றால் கணக்கு நேராகாது. அந்த அக்கா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். எந்தச் சீட்டில் சந்தேகம் வந்தாலும் முதலில் எழுந்து வருவது அவர்தான்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட நடைமுறை ஒன்று உண்டு. தப்பு தெரிந்தால் மிஷினை நிறுத்து, பண்டல் நம்பரைச் சொல், ஆள் யார் என்பது அப்புறம். தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பிடித்தம் கிடையாது. டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தச் சொல்லலாம். நம்மிடம் கயிறு தேவையில்லை, கையைத் தூக்கினால் போதும். ஆனால் தூக்கிய கையைப் பார்த்து ஒருதரம் முறைத்துவிட்டால் அடுத்த கை எழும்பாது. டேமேஜ் எல்லாம் பேக்கிங்கில் போய்த்தான் தெரியும்.

இன்னொன்று. கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்கிறோம். அதே ஆள் ஓனர் நாற்காலியில் உட்கார்ந்ததும் 'டேய்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நன்றாகத் தைக்கும் பழைய ஆளை சூப்பர்வைசர் ஆக்கினேன். யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஏன்?

அவரைத் தாண்டி உங்களிடம் வருகிறவர்களுக்கு நீங்கள் லீவு கொடுக்கிறீர்களா? அதுதான் காரணம்.

அவர் 'இன்னைக்கு லீவு இல்லை' என்று சொல்லியிருப்பார். அந்தப் பெண் உங்களிடம் வந்து கண் கலங்கியதும் நீங்கள் 'சரி, போய்ட்டு வாம்மா' என்றிருப்பீர்கள். நல்ல மனுஷன் என்று உங்களுக்குப் பேர், அவருக்கு வில்லன் வேஷம். லீவு கொடுப்பது, ஆளை மிஷின் மாற்றுவது, ரீவொர்க் (தப்பைப் பிரித்துத் திரும்பத் தைப்பது) யாரிடம் போகும் என்பது, இந்த மூன்றையாவது அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் முடிவு தப்பென்றால் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், மாற்றுவதையும் அவரே மாற்றட்டும்.

நல்ல டெய்லர் எல்லோரும் நல்ல சூப்பர்வைசர் ஆகிவிடுவதில்லை என்பதும் உண்மை. மூன்று மாதம் பார்த்துக்கொள்வோம் என்று முதலிலேயே பேசி வைத்தால், மிஷினுக்குத் திரும்பிப் போவதில் அவமானம் இருக்காது.

சொந்தக்காரப் பையனை வேலைக்கு வைக்கலாமா?

வைக்கலாம். எல்லோருக்கும் எட்டரை மணி என்றால் அவனுக்கும் எட்டரை மணி. முடியாதென்றால் மாமா வீட்டில் சண்டை இப்போதே வந்துவிடட்டும்.

ஒடிசா, பீகார் ஆட்களை எப்படி நடத்துவது? மொழியே புரியவில்லையே?

முதலில் பேர். 'பையா', 'ஹிந்திக்காரன்' என்று மொத்தமாகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒடிசாக்காரருக்கு ஒடியாதான் வீட்டு மொழி என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. என்னிடம் இருக்கும் தம்பிகளிடம் நூல், ஊசி, நிறுத்து, சாப்பிட்டாயா என்று இருபது வார்த்தை கற்றுக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் பாதி இறுக்கம் போனது.

ஒரே வேலைக்கு ஒரே ரேட். இதில் சமாதானம் பேச ஒன்றுமில்லை. குறைத்துக் கொடுத்தால் அவர்கள் மட்டுமில்லை, 'எங்க கூலியைக் கெடுக்கத்தான் இவங்களைக் கொண்டுவந்தீங்க' என்று உள்ளூர் ஆட்களும் கோபப்படுவார்கள். கோபம் நம்மேல் வராது, அந்தப் பையன்கள்மேல் போகும்.

2023 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் பீகார் ஆட்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்ததையெல்லாம் இங்கே நடந்ததாகப் போட்டார்கள். போலீஸ் மறுத்தது, பரப்பியவர்கள்மேல் வழக்கும் போட்டது. ஆனால் பயம் அதற்குமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பையன்களுக்கு அம்மா, அண்ணன் என்று ராத்திரி முழுக்க போன். மறுநாள் காலை மிஷினை ஓட்டச் சொல்லவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து, வீட்டுக்கு வீடியோ கால் போட்டு யூனிட்டைக் காட்டச் சொன்னேன். பக்கத்து மிஷின் அக்காக்கள் கேமராவில் தலையை நீட்டி ஏதோ சொன்னார்கள், அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. அப்படியும் இரண்டு பேர் போகிறோம் என்றார்கள். கணக்கை முடித்து முழுச் சம்பளம் கொடுத்து ஸ்டேஷனில் விட்டேன். ஹோலி முடிந்து ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை.

தீபாவளிக்குப் போனவர்கள் பத்து நாளாகியும் வருவதில்லை. போனஸில் கொஞ்சம் பிடித்து வைக்கலாமா?

பிடித்து வைத்த போனஸுக்காகத் திரும்பி வருபவர், வாங்கிக்கொண்டு அடுத்த நாள் போவார்.

தேதியை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். பீகார் ஆட்களுக்கு தீபாவளியைவிடச் சட் பூஜை பெரிது, அது தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும். அதற்கு முன்னால் வா என்றால் எப்படி வருவார்கள்? மதுரை, தேனி பக்கத்து ஆட்களுக்குச் சித்திரை, வைகாசியில் ஊர்க் கோயில் திருவிழா. எல்லோரையும் தீபாவளிக்கே அனுப்பி எல்லோரையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பதைவிட, பிரித்து அனுப்புவது நமக்கும் லாபம்.

அப்புறம் டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. தன்பாத் எக்ஸ்பிரஸில் பண்டிகை நேரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அறுபதாவது நாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போக, வர இரண்டுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறோம். கையில் திரும்பும் டிக்கெட் இருப்பவர் பெரும்பாலும் திரும்புவார். போனஸைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்தால் துணி எடுக்க நேரம் இருக்கும். முந்தின நாள் ராத்திரி கொடுப்பவரை யாரும் வாழ்த்துவதில்லை.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்களே?

சொல்வார்கள், கையில் வருவது குறைகிறதே. ஆனால் பத்து பேர் வந்தால் ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), இருபது பேர் வந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இதில் அவர் விருப்பமும் இல்லை, நம் விருப்பமும் இல்லை. விளக்கிச் சொல்வது நம் வேலை. ஈ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு சம்பளத்தில் முக்கால் சதவீதம், நம் பங்கு மூன்றேகால். வைத்தியம் குடும்பத்துக்கும் உண்டு. என்னிடம் ஒருவர் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து வந்து சொன்ன பிறகு, அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பெண்கள் வந்த வேகத்தில் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்ய?

பாத்ரூமைப் போய்ப் பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. தண்ணீர், தாழ்ப்பாள், குப்பைக்கூடை, விளக்கு. தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க மிஷினில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது நேரம். காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட் என்பது இந்த ஊரில் சாதாரணமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் பெண்ணுக்கு அது சாதாரணம் இல்லை. ஆறு பெண்களை ஐந்தரைக்கு அனுப்பிப் பார்த்தேன். அவர்கள் லீவு போடுவது குறைந்தது. ஏழு மணிக்கு மேல் வருகிற ரீவொர்க்கையும் எண்ணிப் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, பெண்களிடம் கை நீளும் ஆள். பத்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013 சட்டப்படி, ஒரு பெண் தலைமையில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். குழு இருந்தாலும், புகார் வந்த அன்று நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நல்ல கட்டிங் மாஸ்டர் என்று ஒருவரைக் காப்பாற்றினால், போகப்போவது புகார் கொடுத்த பெண் மட்டும் இல்லை.

ஆர்டர் குறைந்துவிட்டது. ஆட்களிடம் சொன்னால் ஓடிவிடுவார்களே?

அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். வருகிற கட்டிங் மூட்டையைத் தினமும் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, என் கைமடிப் பையன் போனில் செய்தியைக் காட்டி 'நமக்கு எத்தனை நாள் வேலை இருக்கும்ணா?' என்று கேட்டான். தெரியாத மாதிரி நடித்தால் நம்மைப் பார்த்துப் பாவப்படுவான்.

இருக்கும் ஆர்டர் எத்தனை வாரத்துக்கு என்று சொன்னேன். ஆளை நிறுத்துவதா, எல்லோருக்கும் நாளைக் குறைப்பதா என்று கேட்டேன். வாரத்துக்கு நாலு நாள் என்று அவர்களே பேசி முடித்தார்கள். மூன்று பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு நானே போன் போட்டுச் சொல்லி அனுப்பினேன்.

மாதா மாதம் 'சிறந்த தொழிலாளி' பரிசு கொடுக்கலாமா?

நான் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருக்குக் குக்கர், பத்தொன்பது பேருக்குக் கடுப்பு. நிறுத்திவிட்டேன். பெரிய ஆர்டர் முடிந்த அன்று எல்லோருக்கும் பிரியாணி.

நன்றாகக் கற்றுக்கொண்ட டெய்லர் தனியாக யூனிட் போடப் போகிறேன் என்கிறார். தடுப்பது எப்படி?

உங்களை யார் தடுத்தார்கள்? இந்த ஊரில் முதலாளிகளில் பெரும் பங்கு ஒரு காலத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் நியாயம். சண்டை போட்டு அனுப்பினால் நிச்சயம் இழுப்பார். நாள் குறித்துக்கொண்டு, பழைய மிஷின் ஒன்றைத் தவணைக்குக் கொடுத்து அனுப்பினால் இழுக்கக் கூச்சப்படுவார்.

என்னிடமிருந்து போன ஒருவர் நாலு மிஷின் போட்டிருக்கிறார். எனக்கு மிஞ்சும் காலர் வேலை அவரிடம்தான் போகிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கெல்லாம் போன் வந்துவிடும்: 'அண்ணா, பில்லு? ஆளுகளுக்குச் சம்பளம் போடோணும்.'